ஆகாயப் பிரயாணமும் நம் பருத்தி ஆடையும்

(ஒரு கூட்டுறவு ஆய்வாளர் எழுதுவது)



சென்ற மாசி மாதத்தில் ஒரு நாள், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சரக்கிருப்பைச் சரிபார்த்துக் கொண்டிருந்தேன். விலை போகாமல் அலமாரிகளில் தங்கிவிட்ட பருத்திச் சேலைக் கட்டுகளையும் வேட்டிக் கட்டுகளையும் எண்ணி, இருப்புப் பதிவேட்டுடன் ஒத்துப் பார்த்து முடித்த வேளையில், நெய்த சேலைகளை ஒப்படைத்துக் கூலி பெற்றுச் செல்வதற்காக அறுபது வயதைக் கடந்த அங்கத்தினர் அம்மாள் ஒருவர் வந்தார். அமெரிக்காவிலிருக்கும் மகளின் பிரசவத்திற்காகச் சென்று, சில மாதங்கள் தங்கியிருந்துவிட்டு அண்மையில் ஊர் திரும்பியவர் அவர். "பிரயாணம் சௌகரியமாக இருந்ததா அம்மா?" என்று வினவினேன்.

"அதை ஏன் கேக்கீக ஐயா" என்று தொடங்கி அவர் கூறியது இது. விமானத்தில் செல்வதற்குச் சேலையும் நூல்துணியும் பொருந்தா என்று உற்றார் சிலர் கூறினராம். பட்டணத்துக் கடை ஒன்றில், இடுப்பை இறுக்கும் ரப்பர் பட்டை வைத்த பாலியெஸ்டர் கால்சட்டையும், அதே துணியில் தைத்த மேற்சட்டையும் வாங்கித் தந்தனராம். விமான நிலையத்தில் காத்திருந்த நேரம் முழுவதும் வியர்வையும் அரிப்பும். விமானம் ஏறிய பிறகு குளிர். பாதி வழியில் வயிறு உப்பி, இடுப்புப் பட்டை சதையில் பதிந்துவிட்டது. இறங்கும்போது பாதங்கள் வீங்கிச் செருப்பு நுழையவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, இறுதியில் அவர் ஒரு வாக்கியம் கூறினார்: "நாப்பது வருஷமா நூல்சேலை நெய்யிறேன் ஐயா. ஆகாசத்துல போகையில மட்டும் அது ஆகாதுன்னு சொல்லிட்டாக."

நான் அப்பொழுதுதான் எண்ணி முடித்திருந்த கட்டுகளை ஒருமுறை திரும்பிப் பார்த்தேன். நெய்தவரே தம் நெடும் பிரயாணத்திற்குத் தகாது என்று ஒதுக்கிய துணியை, வேறு யார் வந்து வாங்குவார் என்று நாம் காத்திருக்கிறோம்? இக்கேள்வியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது.

விமானப் பிரயாணத்தைப் பற்றி நெசவாளர்க்கும் விவசாயிகளுக்கும் உரிய பத்திரிகையில் எழுதுவானேன் என்று சில அன்பர்கள் நினைக்கக் கூடும். ஆகாய விமானம் செல்வந்தர்க்கு மட்டும் உரியதாயிருந்த காலம் மலையேறிவிட்டது. 1948-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் தேதி, பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜெனீவா வழியாக இலண்டனுக்கு இந்திய நிறுவனத்தின் விமான சேவை முதன்முதலாகத் தொடங்கியபோது, அதில் சென்ற பிரயாணிகள் 35 பேர் மட்டுமே. இன்றோ, இராஜபாளையத்து ஆலைத் தொழிலாளியின் மகன் வளைகுடா நாட்டில் வேலை பார்க்கிறான். ஸ்ரீவில்லிபுத்தூர் நெசவாளியின் மகள் அமெரிக்காவில் கணினித் துறையில் இருக்கிறாள். பேரக் குழந்தையைப் பார்க்கவும் பிரசவம் பார்க்கவும் செல்லும் பெற்றோர் நம் அங்கத்தினர் குடும்பங்களிலேயே இருக்கின்றனர். சென்னையிலிருந்து இலண்டன் சேரவே பத்து மணி நேரத்திற்கு மேல் ஆகும். அமெரிக்கா செல்வோர்க்கு, இடையில் காத்திருப்பதையும் சேர்த்தால், ஒரு பகலும் ஓர் இரவும் உடுத்திய துணியுடனேயே கழிந்துவிடும்.

விமானத்தினுள் நிலவும் நிலை

எந்த உடை பொருந்தும் என்பதை அறிய, விமானத்தினுள் உடல் எந்நிலையில் இருக்கிறது என்பதை முதலில் அறிதல் வேண்டும்.

நெடுந்தூர விமானங்கள் 30,000 முதல் 40,000 அடி உயரத்தில் பறக்கின்றன. அவ்வுயரத்துக் காற்றில் மனிதன் உயிர்வாழ இயலாதாகையால், உட்புறத்தில் காற்றை அழுத்தி வைக்கின்றனர். ஆயினும் அந்த அழுத்தம் தரைமட்டத்து அழுத்தத்திற்கு நிகரானதன்று; 6,000 முதல் 8,000 அடி உயரமுள்ள மலையில் நிலவும் அழுத்தமேயாகும். நமக்குத் தெரிந்த கொடைக்கானல் ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் உள்ளது. அடிவாரத்தில் வாங்கிய தின்பண்டப் பொட்டலம் மலை ஏறியதும் உப்பிப் போவதைப் பலரும் கண்டிருப்பர். நம் வயிற்றினுள் இருக்கும் வாயுவும் அவ்வாறே விரிகிறது. 8,000 அடி உயரத்து அழுத்தத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகிறது. தரையில் சரியாக இருந்த இடுப்புப் பட்டை ஆகாயத்தில் இறுக்குவதன் காரணம் இதுவே.

இரண்டாவது, வறட்சி. விமானத்தினுள் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் நூற்றுக்கு 20-க்கும் கீழே இருக்கும். ஈரம் குறைந்தால் என்ன ஆகும் என்பதை நெசவாளர்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. கோடைக் காற்றில் பாவு நூல் அறுந்து அறுந்து போவதையும், குழித்தறியின் மண் ஈரம் பாவுக்கு இதமளிப்பதையும் நாம் அறிவோம். இராஜபாளையத்து நூற்பாலைகளில் நூல் அறாதிருக்கும் பொருட்டு யந்திரங்களைக் கொண்டு காற்றில் ஈரம் ஊட்டுகின்றனர். நூலுக்கே இத்தனை கவனிப்பு வேண்டுமாயின், மனிதத் தோலுக்கு வேண்டாமா?

மூன்றாவது, வெப்ப நிலையின் மாறுதல். சித்திரை வெயிலில் மதுரையிலோ சென்னையிலோ வரிசையில் நின்று வியர்த்து, அதன்பின் குளிரூட்டிய விமானத்தில் அசைவின்றி அமர்ந்து, மறுநாள் பனி பெய்யும் ஊரில் இறங்க நேரிடலாம்.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, கால்கள் அசையாதிருத்தல். நான்கு மணி நேரத்திற்கு மேல் ஒரே இடத்தில் அமர்ந்து பிரயாணம் செய்தால், கால் நரம்பின் இரத்தம் உறையும் அபாயம் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு கூறுகிறது. இரு மடங்கு என்றதும் அஞ்ச வேண்டுவதில்லை. அத்தகைய பிரயாணிகள் 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவிலேயே அது நேரிடுவதாக அதே ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆயினும் முதியோரும், அண்மையில் அறுவைச் சிகிச்சை செய்து கொண்டோரும், கருவுற்றோரும், முன்பே இந்நோய் கண்டோரும் புறப்படுமுன் மருத்துவரைக் கலந்து கொள்ளுதல் அவசியம்.

தறியில் அமர்ந்திருப்பவரும் நாள் முழுவதும் அமர்ந்தேதான் இருக்கிறார். ஆனால் அவருடைய கால்கள் ஓய்வதில்லை. மிதிபலகையை மிதிக்க மிதிக்கக் கெண்டைக்காற் சதை சுருங்கி விரிந்து, இரத்தத்தை மேலே தள்ளிக் கொண்டே இருக்கிறது. விமான இருக்கையில் மிதிபலகை இல்லை. ஆகவே பிரயாணம் செய்யும் நம் அங்கத்தினர்களுக்கு நான் கூறுவது ஒன்றே: மணிக்கு ஒரு முறையேனும், தறி மிதிப்பதாகவே எண்ணிக் கொண்டு பாதங்களை மாற்றி மாற்றி அழுத்துங்கள். அதற்கு இடங்கொடுக்கும் உடையே நல்ல உடை. முழங்காலிலும் தொடையிலும் பற்றிக் கொள்ளும் உடை கூடாது.

பஞ்சின் குணம்

தளர்ச்சியான உடை வேண்டும் என்பது தெளிவாயிற்று. எந்த இழையாலான உடை என்பது அடுத்த வினா. இங்கேதான் நம் சரக்கின் பெருமை விளங்குகிறது.

நெசவுத் துறையில் வழங்கும் கணக்கின்படி, ஈரம் முற்றும் நீங்கிய 100 பங்கு பஞ்சு, சாதாரணக் காற்றிலிருந்து ஏறத்தாழ 8.5 பங்கு ஈரத்தைத் தன்னுள் வாங்கிக் கொள்ளும். பட்டு 11 பங்கு வரையிலும், கம்பளி 16 பங்கு அளவிலும் வாங்கும். பாலியெஸ்டரோ 0.4 பங்குதான் வாங்கும். வியர்வையைப் பருத்தி தன் இழைக்குள்ளேயே ஏற்றுக் கொள்கிறது. பாலியெஸ்டர் தோலின் மேலேயே நிறுத்தி வைக்கிறது. அம்மையாரின் அரிப்புக்குக் காரணம் இதுவாயிருக்கலாம். மேலும், வறண்ட காற்றில் செயற்கை இழைகள் உராயும்போது நிலைமின்சாரம் தேங்கித் துணி உடலோடு ஒட்டிக் கொள்கிறது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் நெய்யப்படும் மருத்துவத் துணி நாடெங்கும் ஆஸ்பத்திரிகளுக்குச் செல்கிறது. புண்ணைக் கட்டுவதற்குப் பருத்தியைத் தேர்ந்தெடுத்தது ஏன்? அது ஈரத்தை உறிஞ்சும்; தோலை உறுத்தாது; கொதிநீரையும் நீராவியையும் தாங்கும். திறந்த புண்ணின்மேல் வைக்கத் தகுந்த துணி, பிரயாணியின் தோலுக்குத் தகாதா?

ஆனால் ஒன்றை மறக்கலாகாது. பஞ்சில் இயற்கையாகவே மெழுகு உண்டு. அதைக் காரத்தில் வேகவைத்து நீக்கிய பின்னரே மருத்துவத் துணி நீரை உறிஞ்சும் தன்மையைப் பெறுகிறது. நம் கைத்தறித் துணியிலோ பாவுக்குப் போட்ட கஞ்சியும் இருக்கிறது. ஆகவே மடிப்புக் கலையாத புதுச் சேலையையோ வேட்டியையோ உடுத்தி விமானம் ஏறுவது தவறு. மூன்று நான்கு முறை துவைத்து, கஞ்சி முற்றும் போய், துணி துவண்டு மென்மையான பிறகே அது பிரயாணத்திற்கு ஏற்றதாகும். "பிரயாணத்திற்குப் புதுத்துணி" என்ற ஆசையை விட்டுவிடுங்கள். பழகிய துணியே பிரயாணத்திற்கு நண்பன்.

ஆபத்துக் காலத்தில்

விமானப் பிரயாணம் மிகவும் பத்திரமானது. எனினும் ஆபத்து நேரிட்டால் உடையும் ஒரு துணையாகும். 2024-ஆம் ஆண்டு ஜனவரி 2-ஆம் தேதி, தோக்கியோவின் ஹனேடா விமான நிலையத்தில் இறங்கிய ஜப்பானிய விமானம் ஒன்று, ஓடுபாதையிலிருந்த வேறொரு சிறு விமானத்துடன் மோதித் தீப்பற்றியது. பெரிய விமானத்திலிருந்த 379 பேரும் உயிருடன் வெளியேறினர்; சிறு விமானத்திலிருந்த ஆறு பேரில் ஐவர் மாண்டனர். தப்பியோர் பைகளை விட்டுவிட்டு, சறுக்கு வழியே விரைந்து இறங்கினர்.

அத்தகைய நேரத்தில் பாலியெஸ்டர் ஏறத்தாழ 250, 260 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உருகித் தோலில் ஒட்டிக் கொள்ளும். பருத்தி தீப்பற்றக் கூடியதே. அதை மறைப்பது நேர்மையன்று. ஆனால் அது உருகி ஒட்டுவதில்லை. தீயைத் தாங்குவதில் கம்பளி இரண்டினும் மேலானது. கையையும் காலையும் முழுவதும் மூடிய, நெருங்க நெய்த துணி நல்லது. குதிகால் உயர்ந்த செருப்பு சறுக்கு வழிக்கு ஆகாது. நழுவிப் போகும் செருப்பும் ஓடுவதற்கு ஆகாது.

எவற்றை உடுத்துவது?

பெண்களுக்கு: சுருக்கு நாடா வைத்த தளர்ந்த கால்சட்டையும், முழங்கால் வரை நீண்ட முழுக்கைச் சட்டையும் மிகவும் சௌகரியம். 40-ஆம் நம்பர் நூலில் நெய்த துணி இதற்குப் போதுமானது. வாழ்நாள் முழுவதும் சேலையே உடுத்திய தாய்மார்கள் அதை விடவேண்டும் என்று நான் கூறவில்லை. 60 அல்லது 80-ஆம் நம்பர் நூலில் நெய்த, பழகிய மெல்லிய சேலையை உடுத்தலாம். கொசுவத்தைச் சற்று உயர்த்திக் கட்டி, தலைப்பைச் செருகிக் கொள்ள வேண்டும். விமானத்துக் கழிப்பறை மிகக் குறுகலானது, தரை ஈரமாயிருக்கும். உள்பாவாடைக்கு மெல்லிய கயிற்றை விடுத்து, இரண்டு விரல் அகலமுள்ள துணி நாடாவை இடுவது நலம். உயரத்தில் வயிறு உப்பும்போது கயிறு சதையை அறுக்கும். சரிகை கனத்த பட்டுச் சேலையைப் பெட்டியில் வைத்துக் கொண்டு செல்லுங்கள். போய்ச் சேர்ந்த இடத்தில் உடுத்தலாம்.

ஆண்களுக்கு: நாடா வைத்த தளர்ந்த கால்சட்டையும் முழுக்கைச் சட்டையும். வேட்டிதான் வேண்டும் என்போர் நாலு முழ வேட்டியை ஒட்டுப் பட்டையுடன் கட்டிக் கொண்டால், தூக்கத்தில் அவிழும் என்ற கவலை இல்லை. சட்டையின் உட்புறத்தில் பொத்தானுடன் கூடிய பை ஒன்று இருந்தால் பாஸ்போர்ட் பத்திரமாயிருக்கும். உலோகப் பிடியுள்ள இடைவார் சோதனையின்போது கழற்றப்பட வேண்டியதாகையால், நாடாவே சௌகரியம்.

இருபாலர்க்கும்: 20-ஆம் நம்பர் நூலில் தடித்து நெய்த போர்வை ஒன்றும், துண்டு ஒன்றும். நம் முன்னோரின் துண்டுக்கு நிகரான பிரயாணச் சாதனம் இன்னும் கண்டுபிடிக்கப்படவில்லை என்பது என் அபிப்பிராயம். கழுத்தில் சுற்றினால் குளிருக்கு. சுருட்டி வைத்தால் தலையணைக்கு. கண்ணை மூடினால் வெளிச்சத்திற்கு. நனைத்துப் பிழிந்தால் முகம் துடைக்க. ஒரே தடித்த உடுப்பைவிட, களையவும் போர்த்தவும் ஏற்ற இரண்டு மூன்று மெல்லிய உடுப்புகளே வெப்ப மாறுதலுக்கு ஏற்றவை. காலணி சற்றே தளர்ச்சியாயும் கட்டித் தளர்த்தத்தக்கதாயும் இருத்தல் வேண்டும். ஒரு மாற்று உடையைக் கைப்பையில் வைத்துக் கொள்ளல் வேண்டும்.

பருத்தியின் குறைகள்

விற்பவன் தன் சரக்கின் குறையையும் அறிந்திருத்தல் வேண்டும். பருத்தி நனைந்தால் விரைவில் உலராது. நனைந்த பருத்தி குளிரில் உடலைச் சில்லிட வைக்கும். அது எளிதில் கசங்கும். பனிநாட்டில் இறங்குவோர்க்குப் பருத்திப் போர்வை மட்டும் போதாது, கம்பளி வேண்டும். கால் இரத்தம் தேங்காமலிருக்க மருத்துவர்கள் கூறும் இறுக்கக் காலுறையைப் பருத்தியால் மட்டும் செய்ய இயலாது. மீள்தன்மையுள்ள செயற்கை இழை அதற்கு இன்றியமையாதது. அக்காலுறையையும் சரியான அளவு பார்த்தே அணிதல் வேண்டும். நீரிழிவோ கால் இரத்தக் குழாய்களில் நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேளாமல் அணியலாகாது. இவற்றை ஒப்புக் கொண்ட பிறகும், உடலைத் தொடும் உடைக்குப் பருத்தியே சிறந்தது என்ற முடிவு மாறுவதில்லை.

மதிப்பு என்ற மயக்கம்

பிறகு ஏன் நம்மவர் அதை ஒதுக்கினர்? சௌகரியக் குறைவால் அன்று. மதிப்புக் குறைவு என்ற எண்ணத்தால்தான். 1941-ல் இங்கிலாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட டெரிலீன், பின்னர் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தபோது, கசங்காத சட்டை போட்டவர் பெரியவர், கசங்கிய சட்டை போட்டவர் சிறியவர் என்ற எண்ணமும் உடன் வந்தது. அது இன்னும் நம்மை விட்டு அகலவில்லை.

1921-ஆம் ஆண்டு செப்டம்பரில் மதுரையில்தான் காந்தியடிகள் மேலாடையைத் துறந்து அரையாடை பூண்டார். 1931-ல் வட்டமேஜை மகாநாட்டிற்குக் கப்பலேறி இலண்டன் சென்றபோதும், அரசரின் மாளிகைக்குச் சென்றபோதும், அவர் அந்த உடையை மாற்றவில்லை. நம் பக்கத்து ஊராகிய விருதுநகரில் பிறந்த காமராஜர், 1966-ல் சோவியத் நாட்டிற்கும் கிழக்கு ஐரோப்பிய நாடுகளுக்கும் தமது வழக்கமான வேட்டி சட்டையுடனேயே சென்று வந்தார். அவரை வரவேற்றோர் எவரும் மதிப்புக் குறைவாக நடத்தியதில்லை. வேட்டி கட்டியவர்களைச் சில மனமகிழ் மன்றங்கள் அனுமதிக்க மறுத்ததன் விளைவாக, அத்தகைய தடையை நீக்கித் தமிழ்நாடு சட்டமன்றம் 2014-ஆம் ஆண்டு சட்டமே இயற்றியது. சட்டம் நம் பக்கம் இருக்கிறது. மனம்தான் இன்னும் இல்லை.

விமானக் கம்பெனிகளே சௌகரியத்தின் பக்கம் திரும்பி வருகின்றன. ஏர் இந்தியா நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட புதிய சீருடையில், பணிப்பெண்களுக்குத் தைத்துத் தயாரான சேலையை வைத்து, விரும்பினால் அதனுடன் கால்சட்டையும் அணிந்து கொள்ள வழி செய்தது. பழைய உடையை விடாமலே புதிய வசதியைச் சேர்த்துக் கொண்ட இம்முறையை நாமும் கவனித்தல் வேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

குறை வாங்குவோரிடம் மட்டும் இல்லை, நம்மிடமும் உண்டு. அந்த அம்மையார் சங்கத்துக்கு வந்து, "விமானத்தில் உடுத்த ஓர் உடுப்புக் கொடுங்கள்" என்று கேட்டிருந்தால், நாம் எதை எடுத்துக் கொடுத்திருப்போம்? சேலை, வேட்டி, துண்டு, போர்வை, அவ்வளவே. தைத்த உடுப்பு நம்மிடம் இல்லை. துணி இருக்கிறது, உடை இல்லை. இக்குறையை நீக்கச் சில யோசனைகளைக் கூறுகிறேன்.

தளர்ந்த சட்டை, நாடாக் கால்சட்டை, போர்வை, இவற்றை வைத்துக் கொள்ள ஒரு துணிப்பை என நான்கும் சேர்ந்த "பிரயாணத் தொகுப்பு" ஒன்றை ஒவ்வொரு சங்கமும் சோதனையாகத் தயாரிக்கலாம். தையலுக்கு வெளியே அலைய வேண்டுவதில்லை. பள்ளிச் சீருடைகளைத் தைத்துப் பழகிய மகளிர் தையல் தொழிற்கூட்டுறவுச் சங்கங்கள் நம் மாநிலத்தில் உள்ளன. கூட்டுறவு நிறுவனங்கள் ஒன்றுக்கொன்று துணை செய்தல் வேண்டும் என்பது உலகக் கூட்டுறவாளர் ஏற்றுக்கொண்ட கோட்பாடுகளில் ஒன்று. நெசவுச் சங்கம் நெய்து, தையல் சங்கம் தைத்து, 1935-ல் தோன்றிய கோ-ஆப்டெக்ஸ் போன்ற நம் தலைமை நிறுவனம் விற்குமாயின், லாபம் முழுவதும் கூட்டுறவுக் குடும்பத்துக்குள்ளேயே நிற்கும்.

வெட்டுவதற்கு முன் துணியை நனைத்து உலர்த்தித் தைக்க வேண்டும்; இல்லையேல் முதல் சலவையிலேயே சுருங்கி, வாங்கியவர் மறுமுறை வரமாட்டார். வியர்வையில் இறங்காத சாயமே தோய்க்கப்பட வேண்டும். வெள்ளைத் துணியின்மேல் ஈரத்துடன் தேய்த்துப் பார்த்துச் சோதித்த பின்னரே சரக்கை ஏற்க வேண்டும். கறை தெரியாத நடுத்தர நிறங்களே பிரயாணத்திற்கு நல்லவை. நூலின் நம்பர், சலவை முறை, விலை ஆகியவற்றை ஒரு சீட்டில் தெளிவாக அச்சிட வேண்டும். 2006-ல் ஏற்பட்ட கைத்தறி முத்திரையைப் பெற்றுத் தைக்க வேண்டும்.

பருத்தி விளைவிக்கும் அன்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பருத்தி ஆராய்ச்சி நிலையம் கண்டளித்த ரகங்கள் எஸ்.வி.பி.ஆர். என்று நம் ஊரின் பெயரையே தாங்கி நிற்கின்றன. ரகம் நல்லதாயிருந்து எடுப்பு மோசமாயிருந்தால் பயனில்லை. பனி உலர்ந்த பிறகு எடுங்கள். கொட்டுப் பருத்தியை நல்ல பருத்தியுடன் கலவாதீர்கள். முக்கியமாக, பிளாஸ்டிக் சாக்கில் பருத்தியை அடைக்காதீர்கள். அதிலிருந்து பிரியும் இழை பஞ்சோடு கலந்து, நூலாகித் துணியாகிய பிறகு சாயம் ஏறாமல் பல்லிளிக்கும். பருத்தித் துணிப்பையில் சேர்த்த பருத்திக்கே நல்ல துணி உண்டு.

சில ஆட்சேபங்கள்

விமானத்தில் போவோர் எத்தனை பேர், இதற்கு இத்தனை ஏற்பாடா என்று கேட்கலாம். விமானத்திற்கு ஏற்ற உடை, பொதிகை எக்ஸ்பிரஸில் இரவு முழுவதும் பிரயாணம் செய்து சென்னை சேரும் நம்மவர்க்கும் ஏற்றதே. பேருந்தில் திருப்பதி செல்வோர்க்கும், ஆஸ்பத்திரியில் நோயாளியின் பக்கத்தில் இரவு கழிப்போர்க்கும் ஏற்றதே. விமானம் ஒரு பெயர், பயன்படுவோர் அனைவரும்.

தைத்த உடுப்பில் அளவு பொருந்தாமல் சரக்கு தேங்கிவிடும் என்று செயலாளர் அன்பர்கள் அஞ்சலாம். நியாயமான அச்சமே. ஆனால் தளர்ந்த சட்டைக்கும் நாடாக் கால்சட்டைக்கும் மூன்று அளவுகள் போதும். முதலில் 50 தொகுப்புகளுக்கு மேல் செய்ய வேண்டாம். துணை விதிகள் இடந்தருகின்றனவா என்று பார்த்து, நிர்வாகக் குழுவில் தீர்மானம் இயற்றி, தனிக் கணக்கு வைத்து, ஆறு மாதம் கழித்து லாப நஷ்டத்தைப் பேரவையில் வையுங்கள். நஷ்டமாயின் நிறுத்துங்கள், ஆனால் செய்து பாராமலே முடியாது என்னாதீர்கள்.

விலை அதிகமாகும் என்பது மூன்றாவது ஆட்சேபம். ஆலைத் துணியோடு விலையில் போட்டியிட நம்மால் இயலாது. ஆனால் தன் தாயின் நெடும் பிரயாணத்திற்கு உடை வாங்கும் மகன், கால் விலை கூடுதல் என்று திரும்பிப் போக மாட்டான். அது ஏன் நல்லது என்று அவனுக்கு எடுத்துச் சொல்பவர்தான் நம் விற்பனை நிலையங்களில் வேண்டும். 1983 முதல் நடைபெறும் இலவச வேட்டி சேலைத் திட்டம் போன்ற சர்க்கார் கொள்முதல் எத்தனையோ தறிகளுக்குச் சோறு போட்டிருக்கிறது. அதை நன்றியோடு நினைக்கிறேன். எனினும் சர்க்கார் ஆர்டரை மட்டும் நம்பி நிற்கும் சங்கம் ஒற்றைக் காலில் நிற்கும் சங்கமே. தானே வந்து கேட்டு வாங்கும் வாடிக்கைக்காரரே அதன் மற்றொரு கால்.

அன்று விடைபெறும்போது அந்த அம்மையாரிடம், "அடுத்த முறை போகும்போது நீங்கள் நெய்த துணியிலேயே ஓர் உடுப்புத் தைத்துப் போடுங்கள் அம்மா" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "தச்சுக் குடுக்க ஆள் சொல்லுங்க ஐயா, போடுறேன்" என்றார். பந்து இப்பொழுது நம் சங்கங்களின் கையில் இருப்பதாகவே அதை நான் கொள்கிறேன்.

நம் ஊரின் நாச்சியாருக்குச் சூடிக் கொடுத்தவள் என்று பெயர். மாலையைத் தான் முதலில் சூடிப் பார்த்து, அதன் பின்னரே பெருமாளுக்கு அளித்தாள். அவள் ஊரில் நெய்யும் நாமும் நம் துணியை முதலில் நாம் உடுத்துவோம். அதன்பின் ஊராருக்கு விற்போம். நாம் உடுத்த வெட்கப்படும் துணியை உலகம் உடுத்தாது.

வாழ்க கூட்டுறவு!